வகுப்பறைக்குப் பூட்டு, மைதானத்துக்குத் திறப்பா?

2020 ஆம் ஆண்டு மார்ச் 13 ஆந் திகதி, கொரோனாத் தொற்றின் பொருட்டு இலங்கைப் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. அன்றே கொழும்பில் றோயல் – சென் தோமஸ் கல்லூரிகளின் பெருந் துடுப்பாட்டம் இரண்டாம் நாளாக நடைபெற்றது, பார்வையாளரும் திரண்டிருந்தனர்! பாடத்தைத் தொடரும் நோய் பந்தாட்டத்தைக் கண்டால் ஒதுங்கிப்போகுமா?

விளையாட்டை யாம் வெறுப்போரல்லோம். மாதக்கணக்காக வீட்டினுள் அடைபட்ட பிள்ளைக்குத் திறந்தவெளி மருந்தேயாம். ஆடுகளத்திலும் பார்க்கக் கூடாரங்களிலும், நெரிசற் பேருந்துகளிலும், உடைமாற்றும் அறைகளிலுமே ஆபத்து மிகுதி. வகுப்பு மூடியிருக்கும்வரை மைதானமும் மூடியிருத்தலே நீதி. வகுப்பு திறந்தபின் பிள்ளைகள் ஆடட்டும். பழைய மாணவரும் அவர்தம் பாண்டு வாத்தியமும் வீட்டிலிருக்கட்டும்.

மீண்டுமொரு கொள்ளைநோய் வருமாயின், போட்டியை நிறுத்தும் அதிகாரம் சுகாதார வைத்திய அதிகாரியிடமே இருத்தல் வேண்டும். கல்லூரிக் கௌரவம் பேசுவோரிடம் அதனை விடலாகாது.