பொற்கிண்ணமும் பாலாடையும்

கவிதையும் புதினமும் பேசப்பட்டுவரும் இப்பக்கங்களில், தாய்ப்பால் எடுக்கும் பம்பு ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பற்றி எழுத முனைவது சிலருக்கு வியப்பளிக்கலாம். இதற்கு இலக்கியத்தில் என்ன இடம் என்று கேட்போரும் இருப்பர். திருவண்ணாமலையில் வாழும் எமக்கு அக்கேள்வி எழுவதில்லை. இங்குக் கோயில் கொண்டிருக்கும் அம்மையின் பெயரே உண்ணாமுலை. குழந்தை வாய்வைத்து உண்ணாத முலையினள் என்பது பொருள். வடமொழியாளர் அபீதகுசாம்பாள் என்றனர். திருஞானசம்பந்தர் அண்ணாமலைப் பதிகத்தைத் தொடங்குவதே இப்பெயரைச் சொல்லித்தான். பாலூட்டல் என்னும் செய்தி எம் ஊரின் பெயர்வழக்கிலேயே ஊறிக் கிடக்கிறது. அதைப் பேசக் கூச்சப்படுவதுதான் புதிய வழக்கம்.

எமக்கு இளைய ஆசிரியை ஒருவர் அடி அண்ணாமலையில் வசிக்கிறார். பெரிய கோயிலுக்கு நேர் பின்புறம், மலையின் மேற்குச் சரிவை ஒட்டிக் கிரிவலப் பாதையில் அமைந்த சிற்றூர் அது. ஆதி அருணாசலேசுவரர் கோயிலும், மணிவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் என்று ஊரார் போற்றும் சிறு சன்னதியும் அங்குள்ளன. அவர் பணிபுரியும் நிறுவனம் மூன்று மாத விடுப்போடு அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. நிரந்தரப் பணி இல்லை. எனவே வாதிடவும் வழியில்லை. காலையில் குழந்தைக்குப் பாலூட்டிவிட்டுப் புறப்பட்டால் மாலை ஐந்தரைக்குத்தான் வீடு திரும்ப முடியும். பௌர்ணமி நாளிலோ பதினான்கு கிலோமீட்டர்க் கிரிவலப் பாதையில் வண்டிகள் நிறுத்தப்பட்டுவிடும். இலட்சக்கணக்கானோர் நடக்கும் அக்கூட்டத்தினூடே அவரும் நடந்தே போகவேண்டும். அப்படியொரு பௌர்ணமியன்று பிற்பகலில் மார்பில் பால் கட்டிக் காய்ச்சல் வரும்போல் ஆகி, கழிவறையின் தொட்டியில் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு வகுப்புக்குச் சென்றார். மறுநாள் எம்மிடம், "அக்கா, எந்தப் பம்பு வாங்கலாம்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று தயங்கிக் கேட்டார். எமக்குத் தெரியவில்லை. இருபதாண்டுகளாகச் செவிலித்தாயையும் நற்றாயையும் வகுப்பறையில் விளக்கிவரும் எமக்கு, அடுத்த நாற்காலியில் இருக்கும் தாயின் கேள்விக்கு விடை தெரியவில்லை. அதன்பின் மருத்துவர்களிடமும் செவிலியரிடமும் கேட்டு அறிந்தவற்றையும், அதையொட்டி எமக்குத் தோன்றியவற்றையும் இங்கு எழுதுகிறோம்.

முதல் தடை கடையில் இல்லை, வீட்டில் இருந்தது. "எடுத்து வச்ச பாலு புள்ளைக்கு ஆகுமா? அதுல சத்து ஏது?" என்றார் அவருடைய மாமியார். இதைக் கேட்டதும் எம் நினைவுக்கு வந்தது பெரியபுராணம். சீகாழிக் குளக்கரையில் அழுத மூன்று வயதுப் பிள்ளைக்கு உமையம்மை மார்பில் அணைத்துப் பாலூட்டவில்லை. பொற்கிண்ணத்தில் பாலைக் கறந்து, அதில் ஞானத்தைக் குழைத்து ஊட்டினாள் என்பதே சேக்கிழார் காட்டும் காட்சி. குளித்துக் கரையேறிய தந்தை என்ன செய்தார்? யார் கொடுத்த எச்சிற் பாலை உண்டாய் என்று சினந்து கோலை ஓங்கினார். கிண்ணத்தில் வந்த பாலை ஐயுறுவது அன்றே தொடங்கிவிட்டது! தமிழ்ச் சைவ மரபின் ஆகப் புகழ்பெற்ற பாலூட்டல் கிண்ணத்தில் எடுத்த பாலால் நிகழ்ந்தது என்பதை அம்மாமியாரிடம் சொன்னோம். அவர் சிரித்துவிட்டார். புராணம் மருத்துவச் சான்றாகாது என்பதை நாமும் அறிவோம். ஆனால் எடுத்து வைத்த பால் எச்சிலும் அன்று, பழுதும் அன்று என்று மருத்துவம் கூறுவதை அவர் மனம் ஏற்க அக்கதை துணைசெய்தது.

கருவியின் வரலாறு நீண்டது. அமெரிக்காவில் 1854இல் ஓ. எச். நீதம் என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1920களில் இதைச் செம்மைப்படுத்தியவர்களுள் ஒருவர் சதுரங்க வல்லுநரும் பொறியாளருமான எட்வர்ட் லாஸ்கர் என்பது சுவையான செய்தி. 1956இல் சுவீடனின் ஐனார் எக்னெல் வடிவமைத்த பம்பே மருத்துவமனைகளில் பரவிய பிற்கால மின்பம்புகளுக்கு வழிகாட்டியது. இத்தனைக்கும் முற்பட்ட கருவி, கை. சோப்பிட்டுக் கழுவிய கையால், கருவட்டத்தின் விளிம்பில் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வைத்து, நெஞ்சை நோக்கி உள்ளழுத்திப் பின் விரல்களைச் சேர்த்துப் பிழிவதைச் செவிலியர் சில நிமிடங்களில் கற்பித்துவிடுவர். காசு செலவில்லை, மின்சாரம் வேண்டியதில்லை. பம்பு வாங்கினாலும் இதை அறிந்திருப்பது நன்று. பௌர்ணமிக் கூட்டத்தில் சிக்கிய நாளில் கைகொடுப்பது கைதான். காம்பு உள்ளிழுத்த தாய்மாருக்குச் சாதாரண ஊசிக்குழலின் முனையை வெட்டி, உந்துதண்டை மறுபுறமாகச் செருகிப் பயன்படுத்தும் எளிய முறையைக் கர்நாடகத்துத் தாவணகெரே மருத்துவர்கள் 1993இல் ஆய்விதழில் எழுதினர். மருத்துவரோ செவிலியரோ காட்டித்தந்த பின்னரே அதைச் செய்யவேண்டும்.

இனிக் கடைக்கு வருவோம். மருந்துக்கடைகளில் மலிவாகக் கிடைப்பது ரப்பர்க் குமிழ் பொருத்திய பழைய வகை. ஊதுகுழல் போன்ற தோற்றமுடையது. இதை வாங்கவேண்டா என்பதே எம் கருத்து. குமிழுக்குள் பால் புகுந்தால் முற்றாகக் கழுவ இயலாது, உறிஞ்சும் விசையையும் கட்டுப்படுத்த முடியாது, காம்பு புண்ணாகும். எப்போதேனும் ஒருமுறை எடுப்போருக்குக் கைப்பிடி வைத்த பம்பு போதும். நாள்தோறும் வேலைக்குச் செல்வோருக்கு மின்பம்பு ஏற்றது. இருபுறமும் ஒருசேர எடுக்கும் இரட்டைப் பம்பு என்றால் ஏறத்தாழ கால் மணி நேரத்தில் பணி முடியும். இரண்டு பாடவேளைகளுக்கு இடையில் அந்தக் கால் மணியின் அருமை ஆசிரியருக்குத் தெரியும்.

விலையைப் பார்க்குமுன் நான்கு செய்திகளைக் கேட்டறிய வேண்டும். முதலாவது, மார்பில் பொருந்தும் புனலின் அளவு. பெரும்பாலும் 24 மில்லிமீட்டர்ப் புனலே பெட்டியில் வரும். அது எல்லாருக்கும் பொருந்தாது. காம்பு உரசி வலித்தாலோ கருவட்டம் மிகுதியாக உள்ளிழுக்கப்பட்டாலோ அளவு தவறு என்று பொருள். பால் எடுப்பது வலிக்கக் கூடாது. இரண்டாவது, பால் குழாய்க்குள்ளும் மோட்டாருக்குள்ளும் புகாதபடி தடுப்பு அமைந்த மூடிய வகையா என்பது. திறந்த வகையில் உள்ளே புகுந்த பால் பூஞ்சைக்கு இடமாகும். அக்கா பயன்படுத்தியதைத் தங்கைக்குத் தருவது நம் குடும்ப வழக்கம். ஒருவர்க்கென்று செய்யப்பட்ட பம்பில் அவ்வழக்கம் ஆகாது. மூன்றாவது, மின்கலத்தால் இயங்குமா என்பது. கதவடைத்த அறையில் பிளக் பாயிண்ட் இருப்பது அரிது. நான்காவது, சிலிக்கான் வால்வு போன்ற உதிரிப்பாகங்கள் தனியே கிடைக்குமா என்பது. வால்வு தளர்ந்தால் உறிஞ்சும் விசை குன்றும். பால் வற்றிவிட்டது என்று தாய் கலங்குவாள். வற்றியது பால் அன்று, வால்வின் இறுக்கம். பம்பில் விழும் பாலின் அளவு தாயின் சுரப்புக்கு அளவுகோல் ஆகாது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம். குழந்தை உறிஞ்சுமளவு எந்தப் பொறியும் உறிஞ்சுவதில்லை.

துணைப்பொருள்கள் என்று கடைக்காரர் அடுக்குபவற்றில் பாதி தேவையற்றவை. கிருமிநீக்கும் மின்பெட்டி இல்லாவிடினும், பாகங்களைத் தனித்தனியே பிரித்துச் சோப்பு நீரில் கழுவி, ஒரு பாத்திரத்தில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்தால் போதும். ஆனால் பனிக்கட்டிப் பொதிகள் வைத்த குளிர்பெட்டி எம் ஊருக்கு இன்றியமையாதது. எடுத்த பால் அறைவெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கும் என்று நூல்கள் கூறுவது 25 பாகைச் செல்சியசுக்கு உட்பட்ட அறைக்கு. சித்திரை வைகாசியில் அண்ணாமலையின் பாறைகள் கனலும்போது அக்கணக்குச் செல்லாது. பனிப்பொதிகள் சூழ்ந்த பெட்டியில் ஒரு நாள் வரையும், குளிர்ப்பெட்டியில் நான்கு நாள் வரையும் வைக்கலாம். உறைய வைத்தால் ஆறு மாதம் வரை நன்றாக இருக்கும். ஆனால் அடிக்கடி மின்தடை நேரும் வீட்டில் அந்த ஆறு மாதத்தை நம்பக் கூடாது. அறுபது மில்லிலிட்டர் அளவில் சிறிது சிறிதாகப் பகுத்து, நாளும் நேரமும் எழுதி வைத்தால் வீணாகாது. அடுப்பில் காய்ச்சக் கூடாது. வெந்நீரில் கலத்தை அமிழ்த்தி வெதுவெதுப்பாக்கினால் போதும். உருகியதை மீண்டும் உறையவைத்தலும் குழந்தை குடித்து மிஞ்சியதை அடுத்த வேளைக்கு வைத்தலும் தவறு.

பம்புப் பெட்டியைத் திறந்தால் கூடவே ஒரு பால்புட்டியும் ரப்பர்க் காம்பும் இருக்கும். எமக்கு வருத்தம் தருவது இதுதான். தாய்ப்பால் மாற்றுப் பொருள்களையும் பால்புட்டிகளையும் விளம்பரம் செய்வதைத் தடைசெய்து 1992இல் நடுவண் அரசு சட்டம் இயற்றியது; 2003இல் அதை மேலும் இறுக்கியது. விளம்பரத்தில் வர இயலாத புட்டி, பம்பின் துணைப்பொருளாக வீட்டுக்குள் வந்து அமர்ந்துவிடுகிறது. காம்பில் எளிதாகப் பால் வழியப் பழகிய குழந்தை சில வேளை மார்பை மறுப்பதுண்டு. புட்டியைக் கழுவிக் காப்பதும் கடினம். நம் வீடுகளில் இதற்கென ஒரு கலம் இருந்ததே! பாலாடை. மூக்கு வைத்த அந்தச் சிறு கிண்ணத்தை வெள்ளியிலும் வெண்கலத்திலும் செய்து சீராகக் கொடுத்தனர். பின்னர் அதைப் பரணில் ஏற்றினோம். நாம் கைவிட்ட அக்கலத்தைப் பச்சிளங்குழந்தை மருத்துவம் எடுத்துக்கொண்டது. எடை குறைந்த குழந்தைகளுக்குப் பாலூட்டுவது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டலில், மார்பில் உண்ண இயலாதபோது கிண்ணம், கரண்டி ஆகியவற்றோடு 'பாலாடை'யையும் அதே பெயரால் குறித்து, அது மூக்குள்ள கிண்ணம் என்று விளக்கமும் தந்திருக்கிறது. ஒரு தமிழ்ச்சொல் உலக மருத்துவ ஏட்டில் ஏறியதைக் கொண்டாடாமல், அந்தச் சொல் சுட்டும் பொருளையே நாம் மறந்திருப்பது முறையா? பம்பு வாங்குங்கள், அதனோடு வரும் புட்டியை ஒதுக்கிவிட்டுப் பரணிலுள்ள பாலாடையை இறக்கிக் கொதிநீரில் போட்டெடுங்கள். எந்தக் கடையும் விற்காத சிறந்த துணைப்பொருள் அதுவே.

இவையெல்லாம் கைக்கு வந்தாலும் ஒன்று குறைகிறது. கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறையும் இருபது நிமிடமும். 1961ஆம் ஆண்டுப் பேறுகாலப் பயன் சட்டம், குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பாலூட்டுவதற்கென நாள்தோறும் இரண்டு இடைவேளைகளை அளித்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் விடுப்பை இருபத்தாறு வாரமாக உயர்த்தி, ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் இடங்களில் குழந்தைகள் காப்பகத்தையும் வலியுறுத்தியது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இவை உள்ளன. ஆனால் குழந்தை அருகில் இருக்கும் என்ற எண்ணத்தில் எழுந்த சட்டம் இது. குழந்தை எட்டுக் கிலோமீட்டருக்கு அப்பால் பாட்டியின் மடியில் இருக்கையில், பாலை எடுத்துவைப்பதும் பாலூட்டலே என்று அது வெளிப்படச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 2010லும் பின்னர் விரிவாக 2022லும் இயற்றிய சட்டங்கள் பால் எடுப்பதற்கான நேரத்தையும், கழிவறை அல்லாத தனியிடத்தையும் உரிமையாக்கின. கழிவறை அல்லாத இடம் என்று சட்டத்திலேயே எழுதவேண்டியிருந்தது என்றால், கடல் கடந்தும் தாய்மாரின் நிலை ஒன்றுதான் போலும்!

தமிழகம் இவ்வகையில் முன்னோடியாகவே இருந்திருக்கிறது. 2015 ஆகஸ்டில் முதல்வர் ஜெயலலிதா காலத்தில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. அரசு ஊழியர்க்கான பேறுகால விடுப்பு 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாதமாயிற்று. பேருந்து நிலையத்தில் இயன்றது கல்லூரியில் இயலாதா? பழைய விடைத்தாள்களுக்கென்று ஓர் அறையைப் பூட்டி வைத்திருக்கிறோம். அதில் ஒரு மூலையும், ஒரு நாற்காலியும், ஒரு திரையும், ஒரு பிளக் பாயிண்டும் போதும். களைபறிக்கவும் சித்தாள் வேலைக்கும் செல்லும் பெண்களுக்குப் பம்பும் இல்லை, இந்த அறையும் இல்லை என்பதை மறக்கவில்லை. அவர்களுக்குக் கையால் எடுக்கும் முறையையும் பாலாடையில் புகட்டுவதையும் பேறு முடிந்து வீடு திரும்புமுன்பே கற்பித்து அனுப்புதல் செலவற்ற செயல்.

எம் தோழி கைப்பிடிப் பம்பு ஒன்றை வாங்கினார். புனலின் அளவைச் செவிலியரிடம் காட்டி மாற்றிக்கொண்டார். துறைத்தலைவரிடம் நாம் சென்று பேசினோம். பேசுவதற்கு முன் எமக்கே நா எழவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். உண்ணாமுலையைப் பாடமாக நடத்தும் வாய்க்குப் பால் எடுக்க இடம் வேண்டும் என்று கேட்க அத்தனை தயக்கம். இப்போது நூலறைக்குப் பின்னுள்ள சிற்றறையின் திறவுகோல் பிற்பகலில் அவரிடம் இருக்கிறது. சென்ற பௌர்ணமியன்றும் அவர் நடந்துதான் வீடு சென்றார். குளிர்பெட்டி கையில் இருந்தது. தொட்டியில் ஒரு துளியும் கொட்டப்படவில்லை.