வீராங்கனையிடம் கேட்க வேண்டிய கேள்வி

2022 ஆகஸ்டில் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடில் இந்தியப் பெண்கள் அணி வெண்கலம் வென்றது. அணியில் ஆடிய துரோணவல்லி ஹரிகா அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. செய்திகளில் அதிகம் பேசப்பட்டதும் அதுதான். 2004இல், 13 வயதில் முதல் ஒலிம்பியாட் ஆடி, 18 ஆண்டுகள் இந்தப் பதக்கத்துக்காக உழைத்த ஒரு கிராண்ட்மாஸ்டரின் ஆட்டம் பின்னுக்குப் போனது.

சென்னையின் தீபிகா பள்ளிக்கல், இரட்டைக் குழந்தைகள் பிறந்த ஆறாவது மாதத்தில் கிளாஸ்கோ உலக இரட்டையர் ஸ்குவாஷில் இரண்டு பட்டங்கள் வென்றார். இத்தகைய வீராங்கனைகளிடம் நம் நிருபர்கள் முதலில் கேட்பது, 'குழந்தைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?' என்பதே. 2015இல் மகள் பிறந்தபோது தோனி கிரிக்கெட் அணியுடன் ஆஸ்திரேலியாவில் இருந்தார். அதை நாட்டுக்கான கடமை என்று மெச்சினோம். அந்தக் கடமையுணர்வு தாய்க்கும் உண்டு என்பதை ஏன் இயல்பாக ஏற்க மறுக்கிறோம்?

வாசகர்கள் இத்தகைய கதைகளை விரும்புகிறார்கள், வீராங்கனைகளே பிள்ளைகளைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறார்கள் என்று சொல்லப்படலாம். உண்மைதான், அவர்கள் பேசட்டும். ஆனால் 'சூப்பர் மாம்' என்று புகழ்ந்து நிறுத்திக்கொள்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது. 2007இல் இரட்டைக் குழந்தைகளைப் பெற்ற குத்துச்சண்டை வீராங்கனை மேரி கோம், 2008இல் மீண்டும் உலகப் பட்டம் வென்றார். கணவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டதால் அது முடிந்தது. அந்தத் துணை வாய்க்காத வீராங்கனைக்கு விளையாட்டுச் சம்மேளனம் என்ன செய்கிறது? எல்லாவற்றையும் தனிமனித மன உறுதியாக எழுதினால், இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. களம் திரும்ப முடியாமல் போனவர்களைப் பற்றியோ ஒரு வரியும் வருவதில்லை.

சரியான கேள்விக்குப் பலன் உண்டு. கர்ப்ப காலத்தில் நைக்கி நிறுவனம் தன்னை நடத்திய விதத்தை ஓட்ட வீராங்கனை அலிசன் ஃபெலிக்ஸ் 2019 மே மாதம் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். சில மாதங்களிலேயே அந்த நிறுவனம் ஒப்பந்த விதியைத் திருத்தியது. தரவரிசையின் உச்சத்தில் இருந்து பேறுகாலத்துக்குச் சென்ற செரீனா வில்லியம்ஸுக்கு, 2018 பிரெஞ்சு ஓபனில் தரநிலை வழங்கப்படவில்லை. விவாதம் எழுந்தது, அந்த ஆண்டு டிசம்பரில் மகளிர் டென்னிஸ் சங்கம் தாய்மார்களுக்கான தரவரிசைப் பாதுகாப்பை விரிவாக்கியது.

நம் விளையாட்டுப் பக்கங்களும் இதைச் செய்யலாம். பேறுகாலத்தில் உதவித்தொகை தொடர்கிறதா, தேசிய முகாமில் கைக்குழந்தையோடு தங்க இடமுண்டா, திரும்பி வருபவருக்கு அணித் தேர்வில் நியாயமான அவகாசம் கிடைக்கிறதா என்று சம்மேளனங்களையும் அமைச்சகத்தையும் நிருபர்கள் துளைத்தெடுக்க வேண்டும். வீராங்கனையிடம் கேட்க வேண்டியது ஆட்டத்தைப் பற்றி. குழந்தையைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நிர்வாகிகள்.