மவுண்ட் ரோட்டுப் படத்தில் இல்லாதவர்கள்

பழைய சென்னைப் பட்டணத்து மவுண்ட் ரோட்டின் புகைப்படங்கள் இன்று நல்ல விலைக்குப் போகும் சரக்காகிவிட்டன. கண்ணாடிச் சட்டம் போட்டு ஓட்டல் சுவர்களிலும், பணக்காரர் வீட்டு வரவேற்பறைகளிலும் மாட்டுகிறார்கள். அகன்ற சாலை, நிழல் தரும் மரங்கள், ஒரு குதிரை வண்டி, தூரத்தில் ஒரு டிராம். பார்ப்பவர்கள், “அடடா, அந்தக் காலம் எத்தனை அமைதி!” என்று பெருமூச்சு விடுகிறார்கள்.

பெருமூச்சோடு நின்றால் நமக்குச் சண்டை இல்லை. ஆனால் அது நிற்பதில்லை. “அன்று எல்லாம் ஒழுங்காக இருந்தது, கண்டவனெல்லாம் உரிமை கேட்டுத் தெருவுக்கு வந்தான், எல்லாம் கெட்டது” என்ற இடத்தில் போய் முடிகிறது. ஆகவே, ஆலைத் தொழிலாளியும் வயலில் பாடுபடுகிறவனும் இந்தப் படத்தைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும்.

முதலில் அந்த நிறம். மஞ்சளும் பழுப்புமாய்த் தெரிவதைக் காலத்தின் பொன்முலாம் என்று சிலர் வர்ணிக்கிறார்கள். பொன்னுமில்லை, முலாமுமில்லை. அந்த நாளில் முட்டையின் வெள்ளைக் கருவைக் காகிதத்தில் பூசி, வெள்ளி உப்பில் தோய்த்துப் படம் அச்சிட்டார்கள். வருஷங்கள் போகப் போக அது மஞ்சளிக்கிறது. மருந்தின் வேலை அது, பொற்காலத்தின் சாட்சியல்ல.

அடுத்தது அந்த வெறுமை. 1838-ம் வருஷத்தில் பாரிஸ் நகரத்தின் ஒரு பெருஞ்சாலையை டாகேர் என்ற பிரெஞ்சுக்காரர் படமெடுத்தார். வண்டியும் ஜனமும் நிறைந்த வீதி அது. படத்திலோ வீதி காலியாகக் கிடக்கிறது! காரணம், அன்றைய பெட்டிக்கு ஒரு படம் பிடிக்கப் பல நிமிஷங்கள் வேண்டும். நடந்தவர்களும் ஓடிய வண்டிகளும் தகட்டில் பதியவில்லை. ஓர் ஓரத்தில் ஒரே ஒரு மனிதன் தெளிவாக நிற்கிறான். பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்வதற்காகக் காலை நீட்டி அசையாமல் நின்றவன் அவன். குனிந்து பாலிஷ் போட்டவனோ வெறும் மங்கலாகத் தெரிகிறான். சேவை பெற்றவன் பதிந்தான். கை அசைத்து வேலை செய்தவன் கலைந்தான். யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல இது. ஆனாலும் இதைவிடப் பொருத்தமான உவமை வேறு வேண்டுமா?

1880-களுக்குப் பிறகு பெட்டிகள் வேகம் பெற்றன. ஓடும் வண்டியும் படத்தில் பிடிபட்டது. சென்னையில் டிராம் ஓடத் தொடங்கியது 1895-ல். ஆனால் பெட்டியை எங்கே வைப்பது, எந்த வேளையில் எடுப்பது என்பதைப் படம் வாங்குகிறவனின் ருசி தீர்மானித்தது. ஆல்பமும் தபால் கார்டும் வாங்கிச் சீமைக்கு அனுப்பியவர்களில் துரைமார்களே முக்கியமானவர்கள். அவர்களுக்கு வேண்டியது அவர்களுடைய கடை, அவர்களுடைய சிலை, அவர்களுடைய சாலை. அதிகாலையில் அந்தச் சாலையைக் கூட்டியவளின் குடிசையை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

அந்த அமைதியான சாலையில்தான் கர்னல் நீலின் சிலை நின்றது. 1857-ல் அலகாபாத்திலும் கான்பூரிலும் ஜனங்களைக் கொன்று குவித்தவன் அவன். 1927-ல் அந்தச் சிலையை அகற்றக் கோரித் தொண்டர்கள் சுத்தியலும் கோடரியும் ஏந்திச் சென்று சிறை புகுந்தார்கள். கடலூர் அஞ்சலையம்மாள் தம் சிறு மகளுடன் சிறைக்குப் போனார். 1937-ல்தான் சிலை சாலையை விட்டு மியூசியத்துக்குப் போயிற்று. மனிதனை மனிதன் இழுத்த கை ரிக்‌ஷா 1973-ல் ஒழிந்தது. படத்தில் தெரியும் அமைதிக்கு அடியில் இத்தனையும் இருந்தன.

நமக்குச் சென்னை தலைநகரானது 1956 நவம்பர் முதல் தேதிக்குப் பிறகுதான். அதற்கு முன் நாம் திருவிதாங்கூர் ராஜ்யத்தின் குடிகள். நமது ஊர் வீதிகளின் கதை என்ன? சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926-ல் சத்தியாக்கிரகம் நடத்த வேண்டியிருந்தது. டாக்டர் எம். இ. நாயுடு போன்றவர்கள் அதை முன்நின்று நடத்தினார்கள். 1936-ல்தான் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. அதற்கு முந்திய ஒரு நாளில் அந்தத் தேர்வீதியைப் படமெடுத்திருந்தால் அதுவும் அழகாக, அமைதியாகத்தான் இருந்திருக்கும். அந்த அமைதியின் பெயர் தடை. நாற்று நட்டு நெல் குவித்த கைகளுக்கு அந்தத் தெருவில் இடமில்லை என்பதைப் படம் சொல்லியிருக்காது.

அப்படியானால் பழைய படங்களைக் கிழித்தெறிய வேண்டுமா? கூடவே கூடாது. 1983-ல் பழைய ஸ்பென்சர் கட்டடம் தீக்கிரையாயிற்று. இன்று அதைப் படத்தில்தான் பார்க்க முடியும். படம் நல்ல சாட்சி. ஆனால் எந்தச் சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்யாமல் விடலாகாது. யார் எடுத்தான்? யாருக்காக எடுத்தான்? சட்டத்துக்கு வெளியே நின்றவர் யார்? இந்த மூன்று கேள்விகளையும் கேட்டால், ஊமைப் படமும் பேசத் தொடங்கும்.

இதிலிருந்து நமக்கு ஒரு வேலையும் பிறக்கிறது. சங்க ஆண்டு விழா, மே தின ஊர்வலம், கூலி உயர்வுப் போராட்டம் என்று எடுத்த படங்கள் எத்தனையோ நம் வீட்டுத் தகரப் பெட்டிகளில் கிடக்கின்றன. நமது ஜில்லாவின் ஈரக் காற்றில் அவை ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாகின்றன. அதைவிட மோசம், படத்தில் நிற்பவர் பெயர் தெரிந்த கிழவர்கள் ஒவ்வொருவராக மறைகிறார்கள். ஆகவே இப்போதே எடுங்கள். பின்புறத்தில் பென்சிலால் மெல்ல எழுதுங்கள்: ஊர், வருஷம், இடமிருந்து வலமாக எல்லோர் பெயரும். தலைவர் பெயர் மட்டும் போதாது. கொடிக்கம்பம் பிடித்தவன் பெயரும், கைக்குழந்தையோடு நிற்பவள் பெயரும் வேண்டும். உலர்ந்த காகித உறையில் வையுங்கள். செல்போனில் ஒரு நகல் எடுத்துச் சங்கத்துக்குக் கொடுங்கள்.

மன்றோ பிரபு 1839 முதல் மவுண்ட் ரோட்டருகே குதிரைமேல் வீற்றிருக்கிறார். பாறையை நெம்பும் நால்வரின் உழைப்பாளர் சிலை, ராய் சௌத்ரியின் கைவண்ணத்தில், கடற்கரையில் எழ 1959 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மன்றோவின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அந்த நால்வருக்கோ பெயரே கிடையாது. சிலைக்குப் பெயர் இல்லாவிட்டால் பாதகமில்லை. நம் பெட்டியில் கிடக்கும் படத்தில் நிற்பவர்கள் பெயரில்லாமல் போகலாமா?