செவ்வாயில் ‘ஹேங்’ ஆன ஸ்பிரிட்!

போன் ஹேங் ஆனால் என்ன செய்வோம்? ஆஃப் செய்து ஆன் செய்வோம். 2004 ஜனவரியில், செவ்வாய் கிரகத்தில் இருந்த நாசாவின் ஸ்பிரிட் ரோவரும் தனக்குத்தானே அதைத்தான் செய்துகொண்டது. ஒரு முறை, இரு முறை அல்ல... 60 முறைக்கும் மேல்!

ஜனவரி 4-ல் தரையிறங்கிய ரோவர், 21-ம் தேதி ஒழுங்காகப் பேசுவதை நிறுத்தியது. இரவிலும் தூங்காமல் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்ததால் பேட்டரி வேறு கரைந்துகொண்டிருந்தது.

காரணம், மெமரி. ஏழு மாதப் பயணத்தில் சேர்ந்த ஃபைல்கள் ஏராளம். அவற்றின் பட்டியலை ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் ராமில் ஏற்ற வேண்டும். பட்டியல் பெருத்துவிட்டது, அதற்கு ஒதுக்கிய இடம் போதவில்லை.

இடம் போதாதது பெரிய குற்றமில்லை. அதன்பின் நடந்ததுதான் கோளாறு. ரோவரின் சாஃப்ட்வேரில் படமெடுப்பது, பூமியோடு பேசுவது எனப் பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும். எல்லாவற்றுக்கும் ஒரே ராம். கூட்டுக் குடும்பத்துக்கு ஒரே ஸ்டோர் ரூம் போல. அரிசி எடுக்கப் போனவர் ‘தீர்ந்துபோச்சு’ என்று வந்து சொன்னால், வீட்டில் கஞ்சியாவது காய்ச்சுவார்கள். இங்கே போனவர், சாவியைக் கையில் பிடித்தபடி உள்ளேயே உறைந்துவிட்டார்! மெமரி கிடைக்காவிட்டால் கேட்ட வேலையை அப்படியே நிறுத்திவைக்கும்படி ஒரு செட்டிங் தவறாக இருந்திருக்கிறது. ஃபைல்களைத் தொட வேண்டிய மற்ற வேலைகள் சாவிக்காகக் காத்திருக்க, கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். மறுபடி அதே பட்டியல், அதே உறைதல்.

கலிஃபோர்னியாவில் இருந்த பொறியாளர்கள், ‘ஃபைல்கள் இருக்கும் ஃபிளாஷ் மெமரியைத் தொடாமல் ஆன் ஆகு’ என்று கட்டளை அனுப்பினார்கள். ரோவர் கேட்டது. பிப்ரவரியில் அந்த மெமரியை மொத்தமாக ஃபார்மட் செய்தார்கள்.

நம் ஆண்ட்ராய்டு போனில் ராம் குறைந்தால், பின்னால் ஓடும் ஆப்களை போனே மூடிவிடும். பாதி நிரப்பிய விண்ணப்பம், ஒரு கால் பேசிவிட்டு வருவதற்குள் வெறுமையாவது பெரும்பாலும் இதனால்தான். நல்ல ஆப் என்றால், மூடப்படும் முன்பே நிரப்பியதைச் சேமித்து வைத்திருக்கும். (போட்டோக்களை டெலிட் செய்தால் இது சரியாகாது. அது ஸ்டோரேஜ், இது ராம்!)

90 செவ்வாய் நாள்களுக்கென்று அனுப்பப்பட்ட ஸ்பிரிட், அதன்பிறகு 2010 மார்ச் வரை பூமியோடு பேசிக்கொண்டிருந்தது.