அசைன்மென்ட்டுக்கு ஏஐ பயன்படுத்தலாமா? சிட்னி பல்கலைக்கழகத்தின் ‘இரண்டு பாதை’ விதி சொல்வது என்ன?

1,500 சொற்களில் ஒரு அசைன்மென்ட். முன்பெல்லாம் இரண்டு நாள் லைப்ரரி, ஒரு நாள் டைப்பிங். இப்போது கேள்வியை அப்படியே ஏஐ-யிடம் கொடுத்தால், டீ ஆறுவதற்குள் விடை ரெடி. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானதிலிருந்து உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்களுக்கு இதுதான் தலைவலி. படிக்காமலே பாஸ் செய்ய முடியும் என்றால், கையில் கொடுக்கும் பட்டத்துக்கு என்ன மதிப்பு?

தடை போட்டுப் பார்த்தார்கள். கண்டுபிடிக்கும் கருவி வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் சரியாக வரவில்லை. ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகம் மூன்றாவதாக ஒரு வழியை எடுத்திருக்கிறது. அது என்ன, நமக்கு அதில் என்ன பாடம்?

தடை ஏன் நிற்கவில்லை?

2023 ஜனவரியில் பாரிஸின் சியான்ஸ் போ, அனுமதியும் அறிவிப்பும் இல்லாமல் சாட்ஜிபிடி பயன்படுத்தினால் வெளியேற்றம் வரை தண்டனை என்றது. அடுத்த மாதமே ஹாங்காங் பல்கலைக்கழகம் தற்காலிகத் தடை போட்டது. ஆனால் அதே ஆண்டின் புதிய கல்வியாண்டில், ஹாங்காங் பல்கலைக்கழகமே ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஏஐ வசதியை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது.

காரணம் எளிது. தேர்வு அறையில் பிட் அடித்தால் கண்காணிப்பாளர் பிடிப்பார். வீட்டில், சொந்த லேப்டாப்பில், இரவு 2 மணிக்கு நடப்பதை யார் பார்ப்பது? கண்காணிக்க முடியாத விதியால் நேர்மையாக இருப்பவருக்குத்தான் நஷ்டம். விதியை மதிப்பவர் கஷ்டப்பட்டு எழுதி 65 வாங்க, மதிக்காதவர் 85 வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

கண்டுபிடிக்கத்தான் கருவி இருக்கே?

இருக்கிறது. ஆனால் நம்ப முடியாது. சாட்ஜிபிடி-யை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டது. ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தை மட்டுமே அது சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ எழுதியது என்று தவறாகச் சொன்னது. ஜூலையில் கருவியை மூடிவிட்டார்கள்.

அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் ஒரு சின்னக் கணக்குப் போட்டது. டர்னிட்டின் மென்பொருள் தன் ஏஐ கண்டுபிடிப்பில் தவறு 1 சதவீதம்தான் என்கிறது. ஆனால் 2022-இல் அந்தப் பல்கலைக்கழகம் டர்னிட்டினில் சரிபார்த்த கட்டுரைகள் 75,000. அதில் 1 சதவீதம் என்றாலே 750. அதாவது சுமார் 750 கட்டுரைகள் மீது பொய்யான சந்தேகம் விழுந்திருக்கும். 2023 ஆகஸ்டில் அந்த வசதியை வாண்டர்பில்ட் நிறுத்திவிட்டது.

இதில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இன்னொன்று. அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை 7 கருவிகளிடம் கொடுத்தார்கள். சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகளை ஏஐ எழுதியது என்று கருவிகள் சொல்லிவிட்டன. எளிய சொற்கள், ஒரே மாதிரி வாக்கியங்கள் என்றாலே இவற்றுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வெளிநாடு போய்ப் படிப்பவர் கவனமாக, இலக்கணச் சுத்தமாக எழுதும் ஆங்கிலமே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடலாம்.

மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்?

சிட்னியிலும் வளாகம் உள்ள ஆஸ்திரேலியன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் நடந்ததை 2025 அக்டோபரில் அந்நாட்டின் ஏபிசி ஊடகம் வெளியிட்டது. 2024-இல் மட்டும் சுமார் 6,000 முறைகேடு புகார்கள். அவற்றில் 90 சதவீதம் ஏஐ தொடர்பானவை. விசாரணைக்குப் பிறகு ஏறத்தாழ நான்கில் ஒன்று தள்ளுபடியானது. எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டது என்று பல்கலைக்கழகம் மறுத்தது. ஆனால் 2025 மார்ச்சில் ஏஐ கண்டறியும் கருவியைக் கைவிட்டுவிட்டது.

விசாரணை முடியும்வரை மதிப்பெண் சான்றிதழில் ‘முடிவு நிறுத்திவைப்பு’ என்று இருந்தால், வேலைக்கு எப்படி விண்ணப்பிப்பது? குற்றம் செய்யவில்லை என்று பிறகு தெரிந்தாலும், போன வேலை திரும்ப வராது.

சரி, சிட்னி பல்கலைக்கழகம் என்ன செய்தது?

2024 ஜூனில் ஆஸ்திரேலிய உயர்கல்வி ஒழுங்குமுறை அமைப்பு, ஏஐ அபாயத்தை எப்படிச் சமாளிக்கப் போகிறீர்கள் என்று எல்லாக் கல்வி நிறுவனங்களிடமும் செயல்திட்டம் கேட்டது. அந்த நவம்பரில் சிட்னி பல்கலைக்கழகம் தன் புதிய கொள்கையை அறிவித்தது. 2025-இல் அது படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. சாரம் இதுதான்.

முதல் பாதை: பாதுகாக்கப்பட்ட தேர்வு. மாணவர் நேரில் வர வேண்டும், கண்காணிப்பு உண்டு. எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, செய்முறைத் தேர்வு எல்லாம் இதில் சேரும். ஆசிரியர் அனுமதித்தால் தவிர ஏஐ கிடையாது. மாணவருக்குத் தெரியுமா, தெரியாதா என்பதை உறுதி செய்யும் இடம் இது.

இரண்டாம் பாதை: திறந்த மதிப்பீடு. வீட்டில் செய்யும் அசைன்மென்ட், ப்ராஜெக்ட், அறிக்கை. இங்கே ஏஐ பயன்படுத்தலாம். பயன்படுத்தியதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இது கற்றுக்கொள்வதற்கான இடம்.

நடுவில் மூன்றாவது பாதை இல்லை என்பதுதான் இதன் பலம். ‘ஐடியாவுக்கு மட்டும் ஏஐ, எழுத்துக்குக் கூடாது’ என்பது போன்ற அரைகுறைத் தடைகளைச் சரிபார்க்க எந்த வழியும் இல்லை. சரிபார்க்க முடியாததை விதியாக்காதே என்பதே இங்குள்ள தர்க்கம்.

உதாரணத்துக்கு ஒரு மார்க்கெட்டிங் பாடத்தை எடுத்துக்கொள்வோம். மாணவர் ஏஐ உதவியோடு ஒரு பிராண்டுக்கான திட்டம் தயாரிக்கிறார். பிறகு ஆசிரியர் எதிரே உட்கார்ந்து 10 நிமிடம் பேச வேண்டும். ‘இந்த விலையை ஏன் வைத்தாய்? போட்டி நிறுவனம் விலையைக் குறைத்தால் என்ன செய்வாய்?’ புரிந்து செய்தவர் பதில் சொல்லிவிடுவார். ஏஐ கொடுத்ததை அப்படியே ஒட்டியவர் இரண்டாவது கேள்வியிலேயே தடுமாறுவார். இங்கே கருவியும் தேவையில்லை, போலீஸ் வேலையும் தேவையில்லை.

இதில் சிக்கலே இல்லையா?

இருக்கிறது. முதலில் ஆள் பலம். 300 பேர் படிக்கும் வகுப்பில் ஆளுக்கு 10 நிமிடம் என்றால் 50 மணி நேரம். அதைச் செய்ய ஆசிரியர்களும் வேண்டும், அவர்களுக்குச் சம்பளமும் வேண்டும். ஒவ்வொரு அசைன்மென்ட்டையும் பாதுகாக்காமல், முழுப் படிப்பில் முக்கியமான கட்டங்களை மட்டும் பாதுகாப்பதுதான் இதற்குத் தீர்வாக முன்வைக்கப்படுகிறது.

அடுத்தது சமத்துவம். இலவச ஏஐ வைத்திருப்பவரும் மாதம் 20 டாலர் கட்டுபவரும் ஒரே அசைன்மென்ட் செய்கிறார்கள். ஏஐ-யை அனுமதிக்கும் பல்கலைக்கழகம், நல்ல கருவியை எல்லோருக்கும் கொடுக்கும் பொறுப்பையும் ஏற்றாக வேண்டும். வாய்மொழித் தேர்வில் பதற்றப்படுபவர்கள், திக்கிப் பேசுபவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கும் தனி ஏற்பாடு தேவை.

இந்தியாவில் நிலைமை என்ன?

ஒரு வகையில் நம்மிடம் முதல் பாதை ஏற்கெனவே பலமாக இருக்கிறது. செமஸ்டர் தேர்வைப் பெரும்பாலும் ஹாலில் உட்கார்ந்து கையால்தான் எழுதுகிறோம். ஓட்டை இருப்பது இன்டர்னல் மதிப்பெண், ப்ராஜெக்ட் ரிப்போர்ட், ஆய்வேடு ஆகியவற்றில்.

இவற்றைக் கண்காணிக்க யுஜிசி-யின் 2018 விதிமுறைகள் உண்டு. ஆனால் அவை ஏற்கெனவே வெளியானவற்றோடு எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று பார்ப்பவை. 10 சதவீதம் வரை பிரச்சினை இல்லை, 60-ஐத் தாண்டினால் கடும் நடவடிக்கை என்பது அந்தக் கணக்கு. ஏஐ எழுதுவதோ பெரும்பாலும் புதிய வாக்கியங்கள். முழுக்க மெஷின் எழுதிய ஆய்வேடுகூட அந்தச் சோதனையைச் சுலபமாகத் தாண்டிவிடும். பழைய சதவீதக் கணக்கை அப்படியே ஏஐ-க்கும் நீட்டி, ‘இத்தனை சதவீதம் ஏஐ, அதனால் ஃபெயில்’ என்று முடிவு செய்தால், வாண்டர்பில்ட் அஞ்சிய அதே தவறு இங்கேயும் நடக்கும்.

இங்கே செய்ய வேண்டியது வேறு. வைவா என்பது பல கல்லூரிகளில் ஒரு சடங்காகிவிட்டது. ஐந்து நிமிடம், இரண்டு கேள்வி, கையெழுத்து. அதை உண்மையான தேர்வாக மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். எந்த வேலைக்கு ஏஐ உண்டு, எதற்கு இல்லை என்பதைப் பாடம் தொடங்கும் நாளிலேயே எழுத்தில் கொடுக்க வேண்டும். கருவியின் சதவீதத்தை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்கக் கூடாது. குற்றம் சாட்டுபவர்தான் நிரூபிக்க வேண்டும்.

மாணவர்களுக்கும் ஒன்று: உங்கள் குறிப்புகளையும் பழைய வரைவுகளையும் அழிக்காதீர்கள். கூகுள் டாக்ஸ், வேர்டு இரண்டிலுமே பழைய பதிப்புகளைச் சேமித்து வைக்கலாம். நாளைக்கு யாராவது ‘இதை நீதான் எழுதினாயா?’ என்று கேட்டால், கையில் காட்ட ஏதாவது இருக்கும்.