கணினி இருக்கிறது, ஆள்தான் இல்லை

மதுரையில் கணினி வேலை தெரிந்த அனைவருக்கும்,

நாங்கள் மென்பொருள் நிறுவனங்களிலும் வங்கிகளிலும் கல்லூரிகளிலும் வேலை பார்ப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரிலுள்ள சிறு தொண்டு அமைப்புகளுக்குப் போய், கணினி தொடர்பாக எங்களால் ஆனதைச் செய்கிறோம். போகப் போகத்தான் தெரிந்தது, இது நாலைந்து பேர் செய்து தீரும் வேலை இல்லை. அதனால்தான் இந்த வேண்டுகோள்.

நாங்கள் போன ஒரு மாலை நேரப் பாடசாலையைச் சொல்கிறோம். ஒற்றை அறை. மூலையில் பூப்போட்ட துணி போர்த்திய கணினி. திரையின் விளிம்பில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. அமைப்பின் மின்னஞ்சலை, முன்பு பாடம் சொல்லிக்கொடுக்க வந்த கல்லூரி மாணவர் ஒருவர் தன் கைபேசி எண்ணில் தொடங்கிக் கொடுத்திருக்கிறார். அவர் இப்போது வெளிநாட்டில். கடவுச்சொல்லை மாற்றப் போனால் ஓடிபி அந்தப் பழைய எண்ணுக்குப் போகிறது. அந்த எண்ணை இப்போது வைத்திருப்பவர் ஒரு கோழிக்கடைக்காரர். “ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு அவர் சொல்றதும் நியாயந்தானே சார்” என்றார் செயலாளர் அம்மா.

அவர்களுடைய பழைய ஆண்டறிக்கைகள் எல்லாம் வானவில் எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஒரு வரி கூடப் படிக்க முடியாது. யூனிகோடுக்கு மாற்றுவது சில நிமிட வேலை. அதைச் சொல்லத்தான் யாரும் இல்லை.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று தோன்றலாம். ஆனால் 2021-22 நிதியாண்டு முதல், நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி பதிவு பெற்ற அமைப்புகள் நன்கொடை விவரங்களை ஆண்டுதோறும் மே 31-க்குள் இணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். கொடுத்தவருக்கு வரிச்சலுகைச் சான்றிதழும் இதே வழியில்தான் கிடைக்கும். தாக்கலை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். ஆனால் அவர் கேட்கும் பெயர், பான் எண், தொகையெல்லாம் ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டையில் கிடக்கின்றன; கணினியில் ஏற்றத்தான் ஆள் இல்லை. ஐந்து நாள் தவறினால் ஆயிரம் ரூபாய். அது பிள்ளைகளின் சுண்டல் காசிலிருந்துதான் போகும்.

பிள்ளைகளின் ஆதார் நகல்களும் படங்களும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவதையும் பல இடங்களில் பார்த்தோம். 18 வயது நிறையாதவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். நல்ல மனசோடு செய்கிறவர்கள்தான். எடுத்துச் சொல்ல ஆள் இல்லாததால் நடக்கிற தவறு இது.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, கணினி தெரிந்த இளைஞர்கள் இணையத்தில் பட்டியல் போட்டு, உதவி கேட்டவரையும் கொடுத்தவரையும் கோத்தார்கள். வெள்ளம் வந்தால் நாம் ஓடிவருகிறோம். மே 31 யார் கண்ணுக்கும் வெள்ளமாகத் தெரிவதில்லை.

ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்:

1. ஓர் அமைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓராண்டு கூடவே இருங்கள். மாதம் ஒரு ஞாயிறு, இடையில் போன் வந்தால் எடுப்பது. அது போதும்.

2. முதல் நாளே இணையதளம் கட்டித் தருகிறேன் என்று சொல்லாதீர்கள். நீங்கள் போன பிறகு அதைப் பராமரிக்க யாரும் இருக்க மாட்டார்கள். மின்னஞ்சல் யார் எண்ணில் இருக்கிறது, கணக்குக்கு நகல் இருக்கிறதா என்று பாருங்கள்.

3. வீட்டில் ஓடாத கணினியைக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். ஓடுகிற பழைய கணினியிலும் விண்டோஸ் 10 இருக்கலாம்; அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அப்படி ஒன்றைக் கொடுப்பதாக இருந்தால் லினக்ஸும் லிப்ரேஆபிஸும் போட்டு, ஓட்டிக் காட்டிவிட்டுக் கொடுங்கள். இரண்டும் இலவசம்.

4. விசைப்பலகையை உங்கள் பக்கம் இழுக்காதீர்கள். அவர்கள் தட்டட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். நேரமாகும், ஆகட்டும்.

எங்களிடம் பெயர் கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் தெருவிலேயே ஒரு முதியோர் இல்லமோ, வாசகசாலையோ, மகளிர் குழுவோ இருக்கும். நேரே போய்க் கேளுங்கள்.

அமைப்பு நடத்துவோருக்கும் ஒரு வார்த்தை. தெரியாது என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். உங்களைப் போல நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்க எங்களுக்கும் தெரியாது.

அந்தப் பாடசாலைக்குப் புது மின்னஞ்சல், அதன் சொந்த எண்ணிலேயே தொடங்கியாயிற்று. போன மாதம் செயலாளர் அம்மா கூப்பிட்டார். என்ன கோளாறோ என்று பயந்துதான் எடுத்தோம். “ஒண்ணும் இல்ல சார். நன்கொடைப் பட்டியலை நானே அடிச்சு ஆடிட்டருக்கு அனுப்பிட்டேன். சும்மா சொல்லலாம்னுதான்.”

இப்படிக்கு,
உங்கள் ஊர்க்காரர்கள் சிலர்,
மதுரை