டாக்டரம்மா பதில்: நடக்க விடலாமா?

“என் வீட்டுக்காரருக்கு மாரடைப்பு வந்து இரண்டு மாதமாகிறது. டாக்டர் தினமும் நடக்கச் சொல்கிறார். எனக்கோ பயம். கட்டிலை விட்டு இறங்க விடுவதில்லை. காபியைக்கூடப் படுக்கைக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். நான் செய்வது சரிதானே?” என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

உங்கள் அன்பு புரிகிறது, அம்மா. ஆனால் அந்த அன்பே அவருக்குக் கெடுதலாகிவிடக் கூடாது, இல்லையா?

ரத்தக் குழாய் என்பது வெறும் ரப்பர் டியூப் இல்லை. அதன் உள்பக்கம் ஒரே ஓர் அடுக்குச் செல்கள், பாய் விரித்த மாதிரி வழவழவென்று படிந்திருக்கின்றன. இதற்கு எண்டோதீலியம் என்று பெயர். ரத்தம் இதை உரசிக்கொண்டுதான் ஓடுகிறது. அந்த உரசலைச் செல்கள் உணர்கின்றன. ஓட்டம் சீராக, நல்ல வேகத்தில் இருந்தால் ஒரு என்ஸைமை அதிகமாகத் தயாரிக்கின்றன. அந்த என்ஸைம், நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவை உண்டாக்குகிறது. குழாயைத் தளர்த்தி விரியச் செய்வதும், உள்ளே ரத்தம் கட்டிவிடாமல் காப்பதும் இந்த வாயுதான். நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கிறோமே நைட்ரோகிளிசரின் மாத்திரை, அது வேலை செய்வதும் இதே வாயுவால்தான். இந்த வாயுவின் வேலையைக் கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் என்ற மூன்று அமெரிக்கர்களுக்கு 1998-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

குழாய் வளைகிற இடத்திலும் கிளை பிரிகிற இடத்திலும் ரத்தம் சுழித்து மந்தமாகிறது. அங்கே இந்த என்ஸைம் குறைவு. கொழுப்பு படிவதும் பெரும்பாலும் அங்கேதான். வாய்க்காலில்கூட திரும்புகிற மூலையில்தானே குப்பை ஒதுங்குகிறது!

நடக்கும்போது ரத்த ஓட்டம் கூடுகிறது. நாள் தவறாமல் நடந்தால் என்ஸைமும் கூடுகிறது. படுத்தே கிடந்தால் அந்தச் செல்களும் சோம்பிப் போகும்.

அதற்காக நாளைக்கே இரண்டு மைல் நடக்க வைத்துவிடாதீர்கள். உங்கள் டாக்டர் சொன்ன அளவுதான் கணக்கு. சாப்பிட்ட கையோடு வேண்டாம். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், தலைசுற்றல் வந்தால் உடனே உட்கார வையுங்கள். வலி சில நிமிடத்தில் அடங்காவிட்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிகரெட் பக்கமே போக விடாதீர்கள்; அது இந்த வாயுவைக் கெடுத்துவிடும்.

தனியே அனுப்பப் பயமா? நீங்களும் கூடப் போங்களேன். ரத்தக் குழாய் உங்களுக்கும்தானே இருக்கிறது! காபியைத் திரும்பி வந்ததும் இரண்டு பேருமாகத் திண்ணையில் உட்கார்ந்து குடிக்கலாம்.